மாடி கட்டிய விசைப்படகு

கடலில் உல்லாசமாகச் சென்று வருவதற்கென்றே செய்யப்படும் விசைப்படகுகளில் ஒரு வகைக்கு இரண்டு சுக்கான் சக்கரங்கள் உண்டு. ஒன்று கீழே, கூடத்தின் முன்புறக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். மற்றொன்று அந்தக் கூடத்தின் கூரைமேல், திறந்த வெளியில் இருக்கும். எதைத் திருப்பினாலும் படகு திரும்பும். எஞ்சினின் வேகத்தைக் கூட்டவும் குறைக்கவும் வேண்டிய நெம்புகோல்களும் இரண்டு இடங்களிலும் உண்டு. கூரைமேல் உள்ள இந்த ஓட்டுமேடையைத்தான் 'பிளைபிரிட்ஜ்' என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'பறக்கும் பாலம்' என்று வரும். நாம் மேல்மேடை என்றே சொல்லிக்கொள்வோம்.

அமெரிக்காவின் மியாமி, பிரான்சின் ஆன்டிப் போன்ற துறைமுகங்களில் இத்தகைய படகுகள் நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டுக் கிடக்கின்றன. அவற்றில் பல, ஒருவர் கைமாறி இன்னொருவர் கைக்கு வந்த பழைய படகுகள். நடுத்தர அளவுள்ள ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 15 மீட்டர், அகலம் நாலரை மீட்டர், எடை சுமார் 20 டன். கண்ணாடி இழையால் ஆன உடல், இரண்டு டீசல் எஞ்சின்கள், மின்சாரத்துக்குத் தனி ஜெனரேட்டர், உட்கார ஒரு கூடம், சமையலறை, அடித்தளத்தில் மூன்று படுக்கையறைகள். இவ்வளவும் ஒரு வீட்டில் உள்ளவைதாம். வீட்டுக்கு மாடி கட்டினால் அடித்தளம் தாங்குமா என்று பார்க்கிறோம். தண்ணீரின் மேல் நிற்கும் வீட்டுக்கு மாடி கட்டினால் எதைப் பார்க்க வேண்டும்? இந்தப் படகின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கு மனிதர்கள் தேடிய விடைகளின் வரலாறேயாகும்.

முதலில் பெயரைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டில், பக்கவாட்டில் பெரிய துடுப்புச் சக்கரங்களைக் கொண்ட நீராவிக் கப்பல்கள் ஓடின. அச்சக்கரங்களை மூடிய இரு பெட்டிகளும் தளத்துக்கு மேலே உயர்ந்து நின்றன. ஒரு பெட்டியிலிருந்து மற்றதற்கு நடந்து செல்ல ஒரு பலகைப் பாதை போட்டார்கள். அது பார்வைக்குப் பாலம் போலவே இருந்தது. நாற்புறமும் தடையின்றித் தெரியும் இடம் அதுவாகையால் மாலுமித் தலைவர் அங்கேயே நின்று கட்டளையிடத் தொடங்கினார். பின்னர்த் துடுப்புச் சக்கரம் போய்த் திருகு விசிறி வந்தது. பெட்டிகளும் மறைந்தன. 'பாலம்' என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது. கப்பலைச் செலுத்தும் இடத்தை இன்றும் ஆங்கிலத்தில் அப்படித்தான் அழைக்கின்றனர்.

சிறிய படகுகளில் கூரைமேல் ஏறி ஓட்டும் பழக்கத்தை ஊக்குவித்தவர்கள் தூண்டில் மீன் பிடிப்போர். புளோரிடாவுக்குக் கிழக்கே பஹாமாத் தீவுகளையொட்டிய கடலில் சூரை, கொப்பரன் முதலிய பெரிய மீன்கள் மேற்பரப்புக்கு அருகே வரும். அவற்றை முதலில் கண்ணால் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்தாளர் எர்னெஸ்ட் ஹெமிங்வே 1934-இல் புரூக்ளினிலுள்ள வீலர் படகுத்துறையில் 38 அடி நீளமுள்ள 'பிலார்' என்ற மரப்படகை வாங்கினார். பிற்பாடு அதன் கூரைமேல் ஓர் ஓட்டுமேடையை அமைத்துக்கொண்டார். அப்படகு இன்று கியூபாவில், ஹவானாவுக்கு அருகே அவர் வாழ்ந்த வீட்டு வளாகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது.

உயரத்தில் நின்றால் தொலைவு தெரியும் என்பது யாவரும் அறிந்ததே. கணக்கும் எளிது. கண் கடல்மட்டத்துக்கு 2 மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் சுமார் 5 கி.மீ. தொலைவில் இருக்கும், 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 8 கி.மீ. ஆனால் மீன் பிடிப்பவருக்கு இதைவிட முக்கியமான வேறொரு பயன் உண்டு. நீர்ப்பரப்பில் ஒளி சாய்வாக விழ விழ எதிரொளிப்பு கூடும். இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து, 20 மீட்டர் தள்ளியுள்ள நீரைப் பார்ப்பதாகக் கொள்வோம். அந்தச் சாய்வில் வானத்து ஒளியில் பாதிக்கு மேல் எதிரொளித்து நம் கண்ணுக்கு வரும். நீருக்குள்ளிருந்து வரும் மங்கிய ஒளி அந்தப் பளபளப்பில் மறைந்துவிடும். ஐந்து மீட்டர் உயரத்திலிருந்து அதே இடத்தைப் பார்த்தால் எதிரொளிப்பு கால் பங்குக்கும் குறைவு. மீன் தெரியும், அதைவிட முக்கியமாக, படகைக் கிழிக்கக் காத்திருக்கும் பவளப் பாறையும் மணல் திட்டும் தெரியும். ஆழங்குறைந்த பஹாமாக் கடலில் மேல்மேடை ஆடம்பரமாகப் பிறக்கவில்லை, பாதுகாப்பாகவே பிறந்தது எனலாம். அங்கே மெத்தை இருக்கைகளும் குளிர்பெட்டியும் ஏறியது பின்னாளில்தான்.

இனி இந்த உயரத்துக்குக் கொடுக்க வேண்டிய விலைக்கு வருவோம். மிதக்கும் பொருள் கவிழாமல் நிற்பது எதனால் என்பதைத் தெளிவாக்கியவர்களுள் முதன்மையானவர் பிரெஞ்சு அறிஞர் பியர் பூகே. பூமியின் வடிவத்தை அளப்பதற்காகத் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைக்குச் சென்ற குழுவில் ஒருவர் அவர். கப்பல் பற்றிய அவருடைய நூல் 1746-இல் வெளிவந்தது. படகின் எடை முழுவதும் ஈர்ப்பு மையத்தின் வழியே கீழ்நோக்கி இழுக்கிறது. நீர், மிதப்பு மையத்தின் வழியே மேல்நோக்கித் தள்ளுகிறது. படகு சற்றுச் சாயும்போது, சாய்ந்த பக்கத்தில் அதிகப் பகுதி நீருக்குள் இறங்குவதால் மிதப்பு மையம் அந்தப் பக்கம் நகர்கிறது. நகர்ந்த மையத்திலிருந்து மேல்நோக்கி ஒரு நேர்கோடு வரைந்தால், அது படகின் நடுக்கோட்டை ஒரு புள்ளியில் வெட்டும். பூகே அதற்கு 'மெட்டாசென்டர்' என்று பெயரிட்டார். ஈர்ப்பு மையம் இப்புள்ளிக்குக் கீழே இருக்கும்வரை படகு நிமிரும். மேலே போய்விட்டால் சாய்வு கூடிக்கொண்டே போகும்.

நம் 20 டன் படகில் பத்துப் பேர் கீழ்த்தளத்திலிருந்து 3 மீட்டர் உயரமுள்ள மேல்மேடைக்கு ஏறுகிறார்கள் என்று கொள்வோம். ஒருவர் 70 கிலோ எனில் மொத்தம் 700 கிலோ. படகின் ஈர்ப்பு மையம் பத்து சென்டிமீட்டருக்குச் சற்று மேல் உயர்ந்துவிடும். தொடக்கத்தில் ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்கு ஒரு மீட்டர் கீழே இருந்திருந்தால், மிஞ்சியிருப்பது 90 சென்டிமீட்டர். இதில் ஆபத்தில்லை. இதே பத்துப் பேரும் ஒரு பக்கமாக 2 மீட்டர் நகர்ந்தால் படகு நான்கு பாகைக்குச் சற்று மேல் சாயும். கையிலுள்ள தேநீர்க் கோப்பை சிந்தலாம், அவ்வளவுதான். ஆனால் படகு சிறிதாகி, ஆட்கள் பத்துக்குப் பதில் எழுபது ஆனால்? கணக்கின் வாய்பாடு மாறுவதில்லை, விடைதான் மாறுகிறது.

2009 செப்டம்பர் 30 அன்று கேரளத்தின் தேக்கடி ஏரியில் இரண்டு தளங்களுள்ள சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்தது. கரையில் தெரிந்த விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரு பக்கமாகத் திரண்டபோது அது சாய்ந்தது என்று தப்பியவர்கள் கூறினர். 45 பேர் மாண்டனர். 2023 மே 7 அன்று மலப்புரம் மாவட்டத் தானூரில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றிய இன்னொரு மாடிப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தனர். மீன்பிடிப் படகாக இருந்ததைச் சுற்றுலாவுக்கென மாற்றி அமைத்திருந்தார்கள் என்பது பின்னர்த் தெரியவந்தது. மேல்தளத்தில் எத்தனை பேர் ஏறலாம் என்று படகில் எழுதி வைக்கும் எண், இருக்கைகளை எண்ணி எழுதியதன்று. அது பூகேயின் கணக்கிலிருந்து வரும் எண். அப்படித்தான் வர வேண்டும்.

ஆகவே மாடி கட்டுபவர் செய்ய வேண்டியது, மாடியை இயன்றவரை எடை குறைந்ததாகக் கட்டுவது. மரத்தில் இதற்கு ஓர் எல்லை இருந்தது. அந்த எல்லையை உடைத்தது கண்ணாடி இழை. 1930களில் அமெரிக்காவில் கண்ணாடியை மெல்லிய இழைகளாக்கும் தொழில் வளர்ந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் பாலியெஸ்டர் பிசினும் உருவாயிற்று. இழைப் பாயை அச்சில் விரித்துப் பிசினைத் தடவி இறுக விட்டால், இரும்பு போல் துருப்பிடிக்காத, மரம் போல் உளுத்துப்போகாத ஒரு பொருள் கிடைக்கிறது. நம் கடற்கரைகளில் 'பைபர் படகு' என்று மீனவர்கள் சொல்வது இதையே. ஆனால் பெரிய படகுக்கு இது தாங்குமா என்ற ஐயம் 1950களின் இறுதிவரை இருந்தது. வட கரோலினாவில், கடலிலிருந்து வெகு தொலைவிலுள்ள மரச்சாமான் தொழிலுக்குப் பேர்போன ஹை பாயிண்ட் என்னும் ஊரில், வில்லிஸ் ஸ்லேன் என்பவர் துணிந்தார். ஜாக் ஹார்கிரேவ் வரைந்து கொடுத்த 41 அடிப் படகு 1960-இல் நீரில் இறங்கியது. அந்நிறுவனம் ஹாட்டரஸ் முனையின் பெயரைத் தாங்கியது. புயலுக்குப் பெயர்போன கடல் அது. ஒரே அச்சில் ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகளை வார்த்தெடுக்க முடியும் என்றானதும், மேல்மேடையோடு கூடிய படகு பணக்காரத் தச்சுவேலையாக இல்லாமல் தொழிற்சாலைப் பொருளாயிற்று.

அதே 1960-இல் இன்னொரு திருப்பமும் நிகழ்ந்தது. அதைச் சற்று விரிவாகவே சொல்லலாம்.

நீரைக் கிழித்துச் செல்லும் படகு தன்னோடு ஓர் அலையையும் இழுத்துச் செல்கிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடும். அலையின் நீளம் படகின் நீளத்தை எட்டிவிட்டால், படகு தானே உண்டாக்கிய மேட்டின்மேல் ஏற வேண்டியதாகிறது. இங்கிலாந்தில் வில்லியம் புரூட் 1870களில் டார்க்கி நகரில் தொட்டி கட்டி, சிறு மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து ஆராய்ந்தது இத்தகைய தடைகளைத்தான். 15 மீட்டர் படகுக்கு இந்த வேகம் மணிக்கு சுமார் 17 கி.மீ. இதைத் தாண்ட ஒரு வழி உண்டு. குளத்தில் ஓட்டாஞ்சில்லை எறிந்தால் அது நீரில் மூழ்காமல் தத்தித் தத்திப் போகிறதல்லவா? அதுபோலப் படகின் அடியைத் தட்டையாக்கி, போதிய விசையுள்ள எஞ்சினை வைத்தால், படகு நீரின்மேல் எழும்பிச் சறுக்கத் தொடங்கும். இதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அறிந்திருந்தார்கள்.

அமைதியான ஏரியில் தட்டை அடி நன்றாக ஓடும். கடலில் அலைமேல் எழும்பி விழும்போது தொல்லை தொடங்கும். கிணற்றில் குதிக்கும் சிறுவர்களுக்கு இந்தப் பாடம் தெரியும். கைகளைக் குவித்துத் தலைகீழாகப் பாய்ந்தால் நீர் வழிவிடும். வயிறு தட்டையாகப் பட விழுந்தால் தோல் சிவந்துபோகும். வேகம் குறையும் நேரம் எவ்வளவு சிறிதோ, அவ்வளவுக்கு விசை பெரிது. தட்டை அடிப் படகுகளில் பலகைகள் விரிசல் கண்டன. ஓட்டுபவர்களின் முதுகெலும்பு வலித்தது. மேல்மேடையில் நின்றவருக்கோ இன்னும் மோசம். படகு ஆடும் அச்சிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறோமோ, அந்த அளவுக்கு வீச்சும் பெரிதாகுமன்றோ?

மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த ரேமண்ட் ஹண்ட் (1908 - 1978) எளிய ஒரு மாற்றத்தைச் செய்தார். அக்காலப் படகுகளின் முன்பகுதி கூர்மையாக இருந்தாலும் பின்பகுதியை நெருங்க நெருங்க அடி தட்டையாகிவிடும். ஹண்ட் அந்த V வடிவத்தைப் பின்முனைவரை கிட்டத்தட்ட அப்படியே கொண்டு சென்றார். கிடைமட்டத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் சுமார் 24 பாகை சரிவு. அடியில் நீளவாட்டில் சில வரம்புகளையும் ஓட்டினார். அவை சிதறும் நீரைக் கீழ்நோக்கித் திருப்பி, படகு எழும்ப உதவின. தட்டை அடியைவிட இதற்குக் கூடுதல் எஞ்சின் விசை தேவை. ஆனால் அலையில் விழும்போது நீர் மெல்ல மெல்ல வழிவிடுகிறது.

1958-இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் அமெரிக்கக் கோப்பைப் பாய்மரப் போட்டிக்கான தேர்வுகள் நடந்துகொண்டிருந்தன. அங்கே ஹண்டின் 23 அடித் துணைப்படகு ஒன்று, மற்றவை தடுமாறிய கொந்தளிப்பில் தங்கு தடையின்றி ஓடியதை மியாமிப் படகு வணிகர் ரிச்சர்ட் பெர்ட்ராம் கண்டார். உடனே அதே வடிவில் பெரியதொன்றை வரைந்து தருமாறு கேட்டார். மனைவியின் செல்லப் பெயரான 'மாப்பி'யை அதற்குச் சூட்டினார். 1960-இல் மியாமியிலிருந்து நாசோவுக்கு நடந்த விசைப்படகுப் பந்தயத்தில் அது இறங்கியது. ஏறத்தாழ 300 கி.மீ. தூரம். அன்று கடல் மிகவும் மோசமாக இருந்தது. சாம் கிரிபித் ஓட்டிய 'மாப்பி' சுமார் 8 மணி நேரத்தில் நாசோவை அடைந்தது. இரண்டு மணி நேரம் கழித்து வந்த அடுத்த படகும் அதே ஆழ்ந்த V அடி கொண்டதுதான். மற்றவை மறுநாள்தான் வந்து சேர்ந்தன. ஒரு வடிவம் சரியானதா என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை ஆய்வுக்கூடத்தில்கூட அமையாது என்பேன். மரத்தாலான 'மாப்பி'யிலிருந்தே அச்சு எடுக்கப்பட்டு, கண்ணாடி இழையில் பெர்ட்ராம் 31 என்ற படகு 1961-இல் சந்தைக்கு வந்தது. மேல்மேடை கொண்டதும் அதன் வகைகளுள் ஒன்று. இருபது ஆண்டுகளுக்கு மேல் உற்பத்தியில் இருந்த அதன் பழைய உடல்களை இன்றும் தேடி வாங்கி, புதிய டீசல் எஞ்சின் பொருத்தி ஓட்டுகிறார்கள்.

பெட்ரோலை விட்டு டீசலுக்கு மாறியதற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் படகின் அடிவயிற்றில் போய்த் தங்கும். ஒரு தீப்பொறி போதும்.

வேகமாக ஓடும்போது நிலையாக இருக்கும் படகு, நங்கூரமிட்டு நிற்கும்போது பக்கவாட்டில் ஆடத் தொடங்குகிறது. ஈர்ப்பு மையத்தை இன்னும் தாழ்த்தினால் ஆட்டம் நிற்குமே என்று தோன்றலாம். நிற்காது. மெட்டாசென்டருக்கும் ஈர்ப்பு மையத்துக்கும் இடைவெளி கூடினால் படகு வெடுக்வெடுக்கென்று விரைவாக நிமிரும். அது வயிற்றைக் கலக்கும். இதற்கு மாற்றாக ஜெர்மானியர் ஆட்டோ ஷ்லிக் 1906-இல் 'ஸீ-பேர்' என்ற கப்பலில் ஒரு பெரிய சுழல் சக்கரத்தை வைத்துச் சோதித்தார். பம்பரத்தின் தத்துவந்தான். கப்பல் ஒரு பக்கம் சாய முயலும்போது, சுழலும் சக்கரத்தின் சட்டம் முன்னும் பின்னுமாகச் சாய்ந்து, எதிர்த்திசையில் ஒரு திருப்பு விசையைத் தருகிறது. 1932-இல் ஓடத் தொடங்கிய இத்தாலியப் பயணிக் கப்பல் 'கோன்டே தி சவோயா'வில் ஒவ்வொன்றும் நூறு டன்னுக்கு மேல் எடையுள்ள மூன்று சக்கரங்கள் இருந்தன. இவ்வளவு எடையைச் சிறு படகில் ஏற்ற முடியாது. சக்கரத்தைக் காற்று நீக்கிய கூட்டுக்குள் வைத்தால் உராய்வு குறையும். சிறிய சக்கரத்தையும் மிக வேகமாகச் சுழற்றலாம். சீகீப்பர் என்ற அமெரிக்க நிறுவனம் இவ்வாறு செய்த கருவி 2008-இல் விற்பனைக்கு வந்தது. பழைய படகுகளில்கூட எஞ்சின் அறையில் இடம் பார்த்து இதைப் பொருத்துகிறார்கள்.

பழைய மேல்மேடைப் படகை வாங்குபவர் முதலில் அழைப்பது மதிப்பீட்டாளரை. அவர் கையில் ஒரு சிறு சுத்தியல் இருக்கும். உடலைத் தட்டிக்கொண்டே வருவார். கணீரென்ற ஒலி மாறி மந்தமாகக் கேட்டால் அங்கே இழை அடுக்குகள் பிரிந்திருக்கலாம். அடிப்பகுதியில் கொப்புளங்களைத் தேடுவார். நம் தாவரவியல் பாடத்தில் வரும் சவ்வூடு பரவலே இங்கும் வேலை செய்கிறது. வழவழப்பான மேற்பூச்சின் வழியே நீர் சிறிது சிறிதாக உட்புகுந்து, பிசினில் எஞ்சிய பொருள்களைக் கரைக்கிறது. செறிந்த அந்தக் கரைசல் மேலும் நீரை இழுக்க, அழுத்தம் கூடிப் பூச்சு கொப்புளிக்கிறது. குத்தினால் காடி போன்ற நெடியுடன் நீர் வடியும்.

மேல்மேடையில் அவர் பார்ப்பது வேறு. எடையைக் குறைப்பதற்காக அதன் தளத்தில் இரண்டு கண்ணாடி இழைத் தகடுகளுக்கு நடுவே பால்சா போன்ற இலேசான மரத்தை வைத்திருப்பார்கள். கைப்பிடிக் கம்பிகளின் திருகு துளைகள் வழியே மழைநீர் இறங்கினால் அந்த மரம் ஊறிக் கனத்துவிடும். அதற்கு மேல், முந்தைய உரிமையாளர்கள் ஒவ்வொருவரும் தம் பங்குக்கு ராடார் தூண், நிழலுக்குக் கெட்டிக் கூரை, குளிர்பெட்டி, சிறு தோணியைத் தூக்கும் பாரந்தூக்கி என்று எதையாவது ஏற்றியிருப்பார்கள். படகுத் தொழிற்சாலை தந்த பழைய வரைபடத்தில் இவை எதுவும் இருக்காது.

ஐயம் வந்தால் செய்யும் சோதனையைக் கல்லூரி மாணவர் எவரும் புரிந்துகொள்ளலாம். காற்றில்லாத அமைதியான நீரில் படகைக் கட்டுகளைத் தளர்த்தி நிறுத்துகிறார்கள். கூடத்தின் உள்ளே 2 மீட்டர் நூலில் ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார்கள். பிறகு 100 கிலோ எடையைத் தளத்தின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு, 4 மீட்டர் நகர்த்துகிறார்கள். படகு 20 டன். குண்டு 4 சென்டிமீட்டர் விலகினால் ஈர்ப்பு மையம் மெட்டாசென்டருக்கு ஒரு மீட்டர் கீழே இருக்கிறது. 8 சென்டிமீட்டர் விலகினால் அரை மீட்டர்தான் மிச்சம். அப்போது மேல்மேடையிலுள்ள சாமான்களில் எவற்றைக் கழற்றி இறக்குவது என்று பட்டியல் போடத் தொடங்குகிறார்கள்.